மாப்பிள்ளை பாக்கெட்டில் இருந்தது

திண்டிவனத்து மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று தரகர் சொன்ன நிமிஷத்திலிருந்தே அமல்ராணிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. குடிக்க மாட்டானாம். பீடி, சிகரெட் தொட மாட்டானாம். வெற்றிலை பாக்குகூடக் கிடையாதாம். மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி, சொந்தக் கார், ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை, முப்பது வயசு. இப்படி ஒருத்தன் ஒன்றுமே இல்லாமல் எப்படி இருப்பான்? ஏதோ ஒன்று இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும்.

அமல்ராணியின் குணத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு வரும் காஸ் சிலிண்டர் தராசில் ஏறாமல் உள்ளே போனதில்லை. மீன்காரி தானாகவே செவுளைத் தூக்கிக் காட்டினால், "நீயா காட்டறியே, அப்ப வேற எங்கியோ கெட்டுப் போயிருக்கு" என்பாள். அவள் கணவர் இன்னாசிராஜ் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர், சாது. "உங்கம்மாவுக்குச் சோறு இல்லன்னாகூடத் தாங்கும், சந்தேகம் இல்லன்னா தாங்காது" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படி ஊரையே மோந்து பார்க்கிறவள், தன் வீட்டில் ஒன்றை மூடி மறைத்துக்கொண்டிருந்தாள். மகள் லூசியாவுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங். ஊதுவத்தி ஏற்றினால் ஆகாது, மிளகாய் வறுத்தால் ஆகாது, மழை பிடித்துக்கொண்டால் ஆகாது. நெஞ்சு கீச்சு கீச்சென்று இழுக்க ஆரம்பித்துவிடும். சின்னதாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, மெஷினிலிருந்து வெள்ளையாக ஆவி வர, அதைப் பிடித்தபடியே எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறது. வளர்ந்த பிறகு கைப்பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர். வாயில் வைத்து அழுத்தி, உள்ளே இழுத்து, கண்ணை மூடிக் கொஞ்சம் மூச்சைப் பிடித்திருந்து விட்டால் சரியாகிவிடும். மற்றபடி பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருக்கிறாள்.

முதலில் வந்த முகையூர் வரனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. அடுத்து கடலூரிலிருந்து வந்த பையனின் அம்மா, "புள்ள பெத்துக்கத் தாங்குமா?" என்று பெண்ணை வைத்துக்கொண்டே கேட்டாள். லூசியா எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத்தான் அமல்ராணி முடிவு செய்தாள். இனிமேல் இந்தப் பேச்சு வாசலைத் தாண்டக் கூடாது.

"அவுங்க முன்னாடி அத வெளிய எடுக்காத. இழுப்பு வந்தா பாத்ரூம் பக்கம் போயிடு. கல்யாணம் ஆயி ஒண்ணு பொறந்துட்டா அப்புறம் யாரு இன்னா பண்ண முடியும்?"

"சரிம்மா" என்றாள் லூசியா. எதற்கும் சரிம்மா என்கிற பெண் அது.

திண்டிவனத்து மாப்பிள்ளை ஆஸ்வினுக்கு லூசியாவைப் பிடித்துப்போயிற்று. நிச்சயமும் நடந்தது. கோயிலில் ஓலை வாசிக்க ஏற்பாடாயிற்று. கிறிஸ்தவக் கல்யாணத்தில் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று சாமியார் அறிவித்துவிட்டு, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் முதல் ஓலை வாசித்தபோது அமல்ராணி தலையை லேசாகத் திருப்பிப் பின் வரிசையெல்லாம் கண்ணால் துழாவினாள். தன் பெண்ணைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது எழுந்து தொலைப்பார்களோ என்று ஒரு பக்கம் பயம். மாப்பிள்ளையைப் பற்றி யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று இன்னொரு பக்கம் நமைச்சல்.

பூசை முடிந்து ஆஸ்வின் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். ஆட்டுக்கறிக் குழம்பு, வடை, பாயாசம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தரம் பின்பக்கம் போனான், சாப்பிட்ட பிறகு ஒரு தரம் போனான். அவன் திரும்பி வந்தபோது மாம்பழ வாசனை அடித்தது. நல்ல பழுத்த மாம்பழத்தில் சூயிங்கத்தை நசுக்கிப் போட்ட மாதிரி ஒரு வாசனை. அமல்ராணிக்கு மூக்கு விடைத்தது. மாம்பழக் காலமும் இல்லை.

அவன் கார் கிளம்பியதும் பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி வந்தாள். சாம்பல் இல்லை, சிகரெட் துண்டு இல்லை. அவன் தண்ணீர் குடித்த டம்ளரை எடுத்து மோந்தாள்.

"இன்னா ராணி, மோப்ப நாய் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கியா?" என்றார் இன்னாசிராஜ்.

"ஆம்பள மேல மாம்பழ வாசன ஏன் அடிக்குது?"

"சென்ட்டா இருக்கும்."

"சென்ட் வரும்போதே அடிக்கணும். பின்னாடி போயிட்டு வந்தப்புறம் எப்பிடி அடிக்கும்? போன்ல எவகிட்டயோ பேசிட்டு வர்றான்."

"போன்ல பேசினா வாசன வருமா?" என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு நாள், சம்பந்தியம்மாவுக்கு எடுத்த புடவைக்கு ரவிக்கை அளவு வாங்க வேண்டும் என்று ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். சொல்லிவிட்டுப் போனால் வீட்டைப் பெருக்கி வைத்திருப்பார்கள். சொல்லாமல் போனால்தானே உள்ளது உள்ளபடி தெரியும்.

திண்டிவனம் மேம்பாலத்தருகே இறங்கிச் செஞ்சி ரோட்டுப் பக்கம் நடந்தபோதே ஆஸ்வினின் வெள்ளைக் காரைப் பார்த்துவிட்டாள். ஒரு செல்போன் கவர் கடைக்கு முன்னால் நின்றிருந்தது. கரும்புச்சாறு வண்டி ஒன்று வசதியாக நின்றது, அதன் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். ஒரு சாறு கேட்டாள், குடிக்கவில்லை.

கடைக்காரன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து சின்னதாக ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தான். ஆஸ்வின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காரில் ஏறினான். அவனுக்குப் பின்னாலேயே கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், அதே மேஜை, அதே பெட்டி. கஞ்சாவேதான் என்று அமல்ராணி தீர்மானித்தாள். மாதாவே, எம்பொண்ணைக் காப்பாத்தினே.

காருக்குள் ஆஸ்வின் பெட்டியைப் பிரித்து, கட்டைவிரல் நீளத்தில் நீலமாக ஒன்றை எடுத்தான். வாயில் வைத்தான். உள்ளே இழுத்தான். கண்ணை மூடிக் கொஞ்சம் மூச்சைப் பிடித்திருந்தான். பிறகு வெள்ளையாக ஆவி விட்டான்.

அமல்ராணி கையிலிருந்த சாறு தரையில் கொட்டியது. அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். அந்தக் கண் மூடுவது தெரியும். வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததாயிற்றே. வெள்ளை ஆவியும் தெரியும், ஆஸ்பத்திரி மெஷினில் வருகிற அதே ஆவி. அட பாவி மனுஷா, உனக்கும் வீசிங்கா? மருந்து கம்பெனிக்காரன், புதுசாக ஏதோ வெளிநாட்டு மாடல் வைத்திருக்கிறான். மெடிக்கல் கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று கவர் கடையில் போய் ஒளிந்து வாங்குகிறான். அந்தக் கல்லூரிப் பையன்களைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டோரம் நின்று மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், இந்த வயசிலேயே. ஊரில் காற்று அப்படிக் கெட்டுக் கிடக்கிறது.

எல்லாம் பொருந்திப் போயிற்று. சந்தேகப்பட்டே பழகிய மனசுக்கு விடை கிடைத்துவிட்டால் எவ்வளவு சுகம். சம்பந்தி வீட்டுக்குக்கூடப் போகாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் அவளுக்கு ஆஸ்வின் மேல் பாசமே வந்துவிட்டது.

வீட்டில் இன்னாசிராஜிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் உடனே, "அப்ப நம்ம பொண்ணுக்கு இருக்கறதயும் சொல்லிடலாம் ராணி. இனிமே இன்னா பயம்?" என்றார்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா? சொன்னா, இவ்ளோ நாளு ஏன் மறைச்சீங்கன்னு கேப்பாங்க. அவுங்களும்தான் மறைக்கிறாங்க. சும்மா இருங்க."

லூசியா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அமல்ராணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆஸ்வின் பாக்கெட்ல ஒண்ணு வச்சிக்கினு அப்பப்ப இழுக்கறாரு இல்ல, அத நான் பாத்துட்டேன்."

லூசியாவின் பேனா நின்றது. "பாத்துட்டியா? அது இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா. பெரிய விஷயமில்லடி. நீ கண்டும் காணாத மாதிரி இரு. கேட்டா அந்தப் புள்ள அவமானமா நெனைக்கும்."

லூசியா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். எதையோ கேட்க வந்த மாதிரி இருந்தது. "சரிம்மா" என்றுவிட்டுத் தாளைப் புரட்டினாள்.

இரண்டாம் ஓலையும் தடையில்லாமல் முடிந்தது. மூன்றாம் ஓலைக்கு முதல்நாள் சனிக்கிழமை. முகூர்த்தப் புடவை எடுக்க ஆஸ்வின் காரில் வந்து லூசியாவைத் திண்டிவனத்துக்கு அழைத்துப்போவதாகப் பேச்சு. அவன் அம்மா புனிதா அங்கே கடையில் காத்திருப்பாள். காலையிலிருந்து மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. லூசியா கைப்பையில் இன்ஹேலரை வைத்தாள். அமல்ராணி அதை வெளியே எடுத்தாள்.

"அரை நாளுதான. கடையில போனு எடுக்கப் பையைத் தொறப்ப, சம்பந்தியம்மா கண்ணுல பட்டா பேஜாரு."

"மழையா இருக்கும்மா."

"கார்லதான போற. மழ உள்ளயா வருது?"

லூசியா சரிம்மா என்றுகூடச் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் போன் வந்தது. புனிதாதான். "சம்பந்தி, லூசியாவுக்குக் கார்லயே மூச்சு முட்டிப்போச்சு. உதடெல்லாம் நீலமாப் போச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். ஜல்தி வாங்க."

மழையில் இன்னாசிராஜ் வண்டியை ஓட்ட, அமல்ராணி பின்னால் உட்கார்ந்து ஜெபமும் திட்டுமாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் ஏதோ செய்திருக்கிறான். கையைப் பிடித்திருப்பான், பொண்ணு பயந்திருக்கும். இதற்கு நடுவில், சமையலறை அலமாரியில் தான் எடுத்து வைத்த இன்ஹேலரும் ஞாபகத்துக்கு வந்துவந்து போயிற்று. வரும்போதெல்லாம் அவள் அதைத் தள்ளித் தள்ளி விட்டாள்.

அது ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. லூசியா முகமூடியோடு படுத்திருந்தாள். விலா உள்ளே போய்ப் போய் வந்தது. பெண் டாக்டர் நிமிர்ந்தாள். அவளுக்கு லூசியா வயசுதான் இருக்கும். கோபமாக இருந்தாள்.

"நீங்க அம்மாவா? பொண்ணுக்கு ஏற்கனவே வீசிங் இருக்கா? கூட வந்தவங்களக் கேட்டா, அப்பிடி எதுவும் இல்லங்கறாங்க."

புனிதா ஒரு பக்கம் நின்றாள். ஆஸ்வின் சட்டையெல்லாம் நனைந்து சுவரோடு ஒட்டி நின்றான். காரிலிருந்து அவன்தான் தூக்கி வந்திருக்கிறான். அமல்ராணி மகளின் விலாவைப் பார்த்தாள்.

"இருக்கும்மா. சின்ன வயசுலேருந்து இருக்கு."

"இன்ஹேலர் எங்க?"

"வூட்டுல." சொன்ன வேகத்தில் அவள் ஆஸ்வின் மேல் பாய்ந்தாள். "உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே தம்பி. பாக்கெட்லயே வச்சிருக்கீங்களே. என் பொண்ணு மூச்சுக்குத் தவிச்சப்ப அத எடுத்துக் குடுத்திருக்கக் கூடாதா? ரெண்டு பேருக்கும் ஒரே நோவுதான?"

ஆஸ்வினுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "எது அத்தை?"

"அதான், நீலமா. அத வாயில வச்சி இழுக்கறத நான் செஞ்சி ரோட்டுல என் கண்ணால பாத்தேன்."

அவன் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போயிற்று. டாக்டர் கையை நீட்டினாள். அவன் எடுத்துக் கொடுத்தான். டாக்டர் அதை மூக்கருகே கொண்டுபோனாள். மாம்பழ வாசனை அமல்ராணிக்கே வந்தது.

"இது இன்ஹேலர் இல்லம்மா. வேப். எலெக்ட்ரானிக் சிகரெட்."

"சிகரெட்டா? நெருப்பே இல்லியே."

"நெருப்பு இல்ல. நிக்கோடின் இருக்கு, வாசனைக்குப் போடற கெமிக்கல் இருக்கு. ஆவி ஆவின்னு சொல்லியே விக்கறாங்க. விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஆனா காலேஜ் வாசல்லயே கெடைக்குது. பொண்ணு துணியெல்லாம் இதே வாசன. கண்ணாடிய ஏத்தின கார்ல, மழையில, வீசிங் இருக்கற பொண்ணு பக்கத்துல உக்காந்து இத ஊதியிருக்காரு." டாக்டர் ஆஸ்வின் பக்கம் திரும்பினாள். "நீங்க மெடிக்கல் ரெப்தான? போன மாசம் எங்கிட்டயே இன்ஹேலர் சாம்பிள் குடுத்துட்டுப் போனீங்க."

ஆஸ்வின் தலையைக் குனிந்துகொண்டான். "சிகரெட்ட விடறதுக்காகத்தான் மேடம் ஆரம்பிச்சேன். இது ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்க. லூசியாவும் ஒண்ணும் சொல்லல. கேட்டேன், ஒண்ணுமில்லன்னாங்க."

அமல்ராணிக்குத் தரகர் பேச்சு நினைவுக்கு வந்தது. சிகரெட்டையே தொடாதவன், விடுவதற்காக ஆரம்பித்தானாம். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒன்றைக் கண்ணால் பார்த்து, அதற்குத் தானே நல்ல பெயர் வைத்து, சந்தோஷமாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் மூச்சு மட்டுப்பட்டது, பயமில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் போனாள். வராண்டாவில் புனிதா அமல்ராணியின் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"எனக்கே தெரியாது சம்பந்தி. சளிக்கு ஆவி புடிக்கிற மிஷினும்மான்னு சொன்னான், நம்பிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க பக்கம் ஒண்ணு, எங்க பக்கம் ஒண்ணு. சரிக்குச் சரியாப் போச்சு. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு, பத்திரிக்க குடுத்தாச்சு. நமக்குள்ளயே வச்சிக்குவோம். கல்யாணம் ஆனா அவன் விட்டுடுவான்."

ஆஸ்வின் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தான். கை நிலைகொள்ளாமல் காலிப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து வெளியே காரை நோக்கிப் போனான். இரண்டு பெண்களும், காரில் இன்னொன்று வைத்திருப்பான், அதற்குத்தான் போகிறான் என்று தெரிந்துகொண்டே வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ராணி, வேணாம்" என்றார் இன்னாசிராஜ் பின்னாலிருந்து.

முகையூர் வீட்டில் எடுக்கப்படாத போன் அமல்ராணிக்கு ஞாபகம் வந்தது. கடலூர்க்காரி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. லூசியாவுக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது. அவள் புனிதாவைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள். புனிதா பெருமூச்சு விட்டு, எல்லாருக்கும் டீ வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள்.

அமல்ராணி உள்ளே வந்தாள். லூசியா விழித்திருந்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தாள்.

"அது இன்னான்னு உனக்குத் தெரியுமாடி?"

"மொத நாளே தெரியும். கிளாஸ்ல பசங்க பேக்லேருந்து எத்தினி புடுங்கியிருக்கேன்."

"அப்ப ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

லூசியா மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "நீதான பாத்துட்டேன்னு வந்து சொன்ன. பெரிய விஷயமில்ல, கண்டுக்காதன்ன. சரி, அம்மா எல்லாம் யோசிச்சிட்டுத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன்."

"ஐயோ, நான் அத உன்னோடது மாதிரி மருந்துன்னு நெனச்சேன்டி."

லூசியாவுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, அது இருமலாகிவிட்டது. "கார்ல கண்ணாடிய எறக்கச் சொல்லலாம்னு வாய் வரிக்கும் வந்துச்சும்மா. ஏன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு தெரியல. அதான் சும்மா இருந்துட்டேன்."

அமல்ராணி முகமூடியை மறுபடி மாட்டப் போனாள், லூசியா அதைத் தடுத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். அது சிகரெட்டுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, நீ கல்யாணத்த நிறுத்தியிருப்பியா?"

நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல அமல்ராணி வாயைத் திறந்தாள். இப்போதுதான், எல்லாம் தெரிந்த பிறகு, வராண்டாவில் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். பெற்ற பெண் மூச்சுக்குத் தவித்துக் கிடந்ததைப் பார்த்த கண்ணோடு போய்த் தலையாட்டியிருக்கிறாள். லூசியா பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு, பரவாயில்லை என்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பரவாயில்லைதான் அமல்ராணியைக் கொன்றது.

அவள் அங்கேயே நின்று போனை எடுத்துப் பங்குச் சாமியாருக்குப் போட்டாள்.

"ஃபாதர், நாளைக்கு ஓலை வாசிக்க வேணாம். தடை இருக்கு."

"தடையா? யாரும்மா வந்து சொன்னது?"

"யாரும் வந்து சொல்லல ஃபாதர். பொண்ணோட அம்மா, நான்தான் சொல்றேன். என் பொண்ணுக்கு வீசிங் இருக்கு. நாங்க அத மறைச்சோம். மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் இருக்கு, அத அவுங்க மறைச்சாங்க. இன்னும் மறைச்சிக்கலாம்னு இப்பத்தான் பேசி முடிச்சோம்."

லூசியா கண்ணைத் திறந்தாள். புனிதா டீ வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள், ஆஸ்வின் அவளுக்குப் பின்னால் நின்றான். அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது அமல்ராணிக்குத் தெரிந்தது. அவள் குரலைத் தாழ்த்தாமல், பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வைத்தது வரை மீதியையும் சொன்னாள்.